சாமி மேடைக்கு ஒரு மைட்டர் ரம்பம்

மரச்சட்டங்களைக் கோணத்தில் வெட்டும் மின்சார ரம்பம்தான் மைட்டர் ரம்பம். அதை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு அகலப் பலகையை வெட்டும்?" என்பதுதான். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வரிசை வீட்டு முகப்பில் கார் நிற்கும் இடம்தான் பகலில் என் பட்டறை. அந்தக் கேள்வி எனக்குப் பாதிதான் உதவியது. என் வேலையில் எந்தெந்த மரத்தைக் கோணத்தில் வெட்ட வேண்டும், அவற்றில் மிக அகலமானது எது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் எந்த ரம்பம் என்பது தெளிவானது.

வேலை இதுதான். நவராத்திரிக்குள் வீட்டுக்கு ஒரு புதிய சாமி மேடை. நியாத்தோ மரத்தில் நான்கடி அகலம், உள்ளே இரண்டு தட்டுகள், முன்பக்கம் இரண்டரை அங்குலச் சட்டம், தலைமாட்டில் சுற்றிவரும் மோல்டிங் என்னும் அலங்காரப் பட்டை. கூடவே, அப்பா காலத்து முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் புதுச் சட்டங்கள். பழைய சட்டங்களைச் செல் அரித்துவிட்டிருந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். தட்டுகள் பன்னிரண்டு அங்குல அகலம். ஆனால் அவற்றுக்கு வேண்டியது நேர்வெட்டு மட்டும்; கைவட்ட ரம்பமும் ஒரு நேரான சட்டமும் இருந்தால் முடிந்துவிடும் வேலை அது. கோணத்தில் வெட்ட வேண்டிய அத்தனையும் நான்கு அங்குலத்துக்குள் அடங்கிவிட்டன. முன்சட்டம், மோல்டிங், படச் சட்டங்கள், அவ்வளவுதான்.

இந்தத் தாளை எழுதாமல் கடைக்குப் போயிருந்தால் பெரிய இழுவை ரம்பம் ஒன்றுடன்தான் திரும்பியிருப்பேன். இணையத்தில் பார்க்கும் பட்டறைகளில் எல்லாம் அதுதான் நிற்கிறது.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எளிமையானது, தலை மேலிருந்து கீழே மட்டும் இறங்கும் வகை. பத்து அங்குல பிளேடு போட்டால் நேர்வெட்டில் ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம் கிடைக்கும். 45 டிகிரிக்குத் திருப்பினால் அந்த அகலம் 0.7 மடங்காகச் சுருங்கும், அதாவது நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு அங்குல பிளேடு உள்ள ரம்பம் எட்டு அங்குலம் வரை வெட்டும். ஆனால் பிளேடு பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் அதிர்வு கூடும், விலையும் கூடும், சாணை பிடிக்கும் கூலியும் கூடும். அடுத்தது தண்டுகளில் ஓடும் இழுவை வகை. தலையை முன்னுக்கு இழுத்துப் பின்னுக்குத் தள்ளி வெட்டுவதால், பத்து அங்குல பிளேடிலேயே பன்னிரண்டு அங்குலப் பலகை அடங்கிவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. சிலவற்றில் தலை ஒரு பக்கம் மட்டும் சாயும், சிலவற்றில் இரு பக்கமும் சாயும். இரு பக்கமும் சாய்வது, மோல்டிங்கைப் படுக்கவைத்து வெட்டுகிறவர்களுக்குப் பெரிய வசதி. நிற்கவைத்து வெட்டுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இழுவை வகை எனக்கு ஒத்துவராததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது இடம். பெரும்பாலான இழுவை ரம்பங்களில் தண்டுகள் பின்பக்கம் நீண்டு போகும்; சுவருக்கும் ரம்பத்துக்கும் நடுவே ஓரடிக்கு மேல் விட வேண்டும். இதற்கு மாற்று வழிகளும் வந்திருக்கின்றன. போஷ் நிறுவனம் தண்டுகளுக்குப் பதில் மடங்கும் கை வைத்த மாதிரியைத் தருகிறது. மக்கீத்தாவின் சில மாதிரிகளில் தண்டு அசையாமல் நிற்க, தலை மட்டும் அதன்மேல் ஓடும். இரண்டையும் சுவரை ஒட்டி வைக்கலாம். ஆனால் இரண்டாவது காரணத்துக்கு அவையும் விடை தரவில்லை. அது எடை. இந்தப் பெரிய ரம்பங்கள் இருபத்தைந்து கிலோவைத் தாண்டுகின்றன. மாலையில் கார் உள்ளே வர வேண்டும் என்றால் ரம்பம் ஒவ்வொரு நாளும் எழுந்து வீட்டுக்குள் போக வேண்டும். பத்து அங்குல எளிய வகை பன்னிரண்டு கிலோவை ஒட்டியே இருக்கிறது. ஒரு கையால் கதவைத் திறந்துகொண்டு மறு கையால் தூக்கிப் போகலாம். விலையும் இழுவை வகையில் சில பிராண்டுகளில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தச்சர். 2008இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பழைய கடைவீடுகளின் ஜன்னல்களையும் மாடிக் கைப்பிடிகளையும் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு நிறைய வந்தது. மரப்பெட்டியில் கோணம் கீறிக் கைரம்பத்தால் அறுத்தே காலம் தள்ளியவர். என் தாளைக் காட்டியதும், "தம்பி, அகலத்தை எல்லாம் விடு. நாற்பத்தைந்தில் வெட்டினால் அடுத்த மாதமும் அதே நாற்பத்தைந்தில் நிற்குமா என்று கேட்டுக்கொண்டு வா" என்றார்.

"அதை எப்படிப் பெரியப்பா கடையில் கேட்பது?"

"வாயால் கேட்காதே. கையால் ஆட்டிப் பார்."

சுங்கை ஜாவி வரை போகத் தேவையில்லாமல் பக்கத்திலேயே ஒரு ஹார்ட்வேர் கடை. கடை முதலாளியான தவுக்கே பொறுமைசாலி, மாதிரிக்கு வைத்திருந்த ரம்பங்களை எல்லாம் தொட்டுப் பார்க்க விட்டார். நான் பார்த்தவை இவை. தலையைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். கீல் இறுக்கமாக இருந்தால் முழு ரம்பமும் சேர்ந்து நகரும். தளர்ந்திருந்தால் தலை மட்டும் தனியே ஆடும். இழுவை வகைகளில் இதே சோதனையைத் தலையை முழுக்க முன்னே இழுத்துவைத்துச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆட்டம் அங்கேதான் வெளிப்படும். பிறகு கீழ்த்தட்டைத் திருப்பி 22.5, 45 ஆகிய கோணப் பள்ளங்களில் விழவைத்தேன். பள்ளத்தில் விழுந்த பிறகு பூட்டுக் குமிழை முறுக்கும்போது தட்டு ஒரு நூல் கூட நகரக் கூடாது. மலிவான ஒன்றில் நகர்ந்தது. லேசர் கோடு அழகாக விழுந்த ரம்பமும் அதுதான்.

லேசரைப் பற்றி ஒரு சொல். வெயில் அடிக்கும் முகப்பில் சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. தெரிந்தாலும் அது பிளேடோடு சரியாக ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது திருத்திக்கொண்டிருக்க வேண்டும். பிளேடின் மேலிருந்து எல்இடி விளக்கடித்து, பிளேடின் நிழலையே மரத்தில் விழச் செய்யும் முறை மேலானது. நிழல் விழும் இடம்தான் பல் இறங்கும் இடம்; திருத்த ஒன்றும் இல்லை. இரண்டும் இல்லாவிட்டாலும் குறைவில்லை. பென்சில் கோட்டில் பல்லை இறக்கிப் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடலாம்.

அமெரிக்கக் கடைகளிலிருந்து இணையத்தில் தருவிக்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் பத்து அங்குல பிளேடுகளின் நடுத்துளை 15.88 மில்லிமீட்டர், இங்கே விற்கும் ரம்பங்களின் அச்சு பெரும்பாலும் 25.4 அல்லது 30. பெரிய துளைக்குச் சிறிய அச்சென்றால் வளையம் போட்டு ஒட்டலாம். சிறிய துளைக்குப் பெரிய அச்சென்றால் முடியாது. வாங்கும் ரம்பத்துக்கு எந்தத் துளை என்பதைப் பெட்டியிலேயே பார்த்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பேட்டரியில் ஓடும் ரம்பங்களும் நன்றாகவே வெட்டுகின்றன. எனக்கு முகப்பிலேயே பிளக் இருப்பதால் அந்தக் கூடுதல் செலவு தேவைப்படவில்லை.

பழைய சாமான் சந்தைகளில் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரும்புக் கதவுப் பட்டறைகளில் கம்பி அறுக்கும் பதினான்கு அங்குல இயந்திரமும் மைட்டர் ரம்பம் போலவேதான் தோற்றம் தரும். பக்கத்துப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். அது சாணைக்கல் தட்டு சுழற்றுவதற்கென்று செய்தது. அதில் மர பிளேடை மாட்டுவதும், மைட்டர் ரம்பத்தில் சாணைக்கல் தட்டை மாட்டுவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத ஆபத்துகள். வேகமும் வேறு, காப்பு மூடியும் வேறு, மரத்தூளில் தீப்பொறி விழுந்தால் நடப்பதும் வேறு.

கடைசியில் எடுத்தது பத்து அங்குலம், ஒரு பக்கம் சாய்வது, இழுவை இல்லாதது, 1,650 வாட். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 7 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்குக்குத் தாராளம். நீட்டிப்பு வயர் போட்டால் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாக இருக்கட்டும், சுருளை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடியே விட்டால் உள்ளடுக்குகள் சூடேறும். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே கழற்ற முடிகிறதா என்றும் பார்த்தேன். தேய்ந்துபோகும் உதிரி அதுதான்.

கூடவே வந்த பிளேடில் நாற்பது பல். கட்டுமான மரத்துக்குப் போதும்; படச் சட்டத்துக்குப் போதாது. எண்பது பல் கார்பைடு பிளேடு ஒன்றைத் தனியாக வாங்கினேன். பல் எண்ணிக்கையை எல்லாரும் பார்க்கிறார்கள். பல்லின் சாய்வை அதிகம் பேர் பார்ப்பதில்லை. மேசை ரம்பத்துக்கான பிளேடுகளில் பல் 15 முதல் 20 டிகிரி வரை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதை இங்கே மாட்டினால் மரத்தைப் பிடித்து இழுக்கும், தலை தானாகவே கீழே பாயும். மைட்டர் ரம்பத்துக்குச் சாய்வு சுழியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பிளேடின் உடலில் அச்சிட்டிருப்பார்கள். மரத்தையும் பார்க்க வேண்டும். நியாத்தோ பெரும்பாலும் நல்ல பிள்ளை. வெள்ளை மெராந்தியில் சிலிக்கா உண்டு, பல் விரைவில் மழுங்கும். செங்கால் போன்ற கனமரத்தை வெட்டும்போது அவசரப்படாமல் இறக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த ரம்பத்தை நம்பி முதல் சட்டத்தை வெட்டக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூலைமட்டத்தை, மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பில் ஒட்டி, மறு காலை பிளேடின் உடலில் தொடவைத்தேன். பல்லில் பட்டால் அளவு பொய் சொல்லும், ஏனென்றால் பல் உடலைவிட அகலம். வெளிச்சம் கசிந்தால் பின்தடுப்பின் திருகுகளைத் தளர்த்தித் திருத்த வேண்டும். இது முதல் திருத்தம்தான். உண்மையான சோதனை மரத்தில்தான். இரு ஓரமும் இணையாக உள்ள ஐந்து அங்குலப் பலகையை நடுவில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டையும் ஒரு நேரான சட்டத்தின் மேல் சேர்த்துப் பார்ப்பது. புரட்டுவதால் பிழை இரட்டிப்பாகித் தெரியும். வாயில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் உண்மைப் பிழை அதில் பாதி, கோணத்தில் 0.1 டிகிரியைச் சற்றுத் தாண்டும்.

0.1 டிகிரி என்ன பெரிது என்று தோன்றும். ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் 0.1 டிகிரி ஒரே பக்கமாகப் போனால் மூன்று மூலைகளை இறுக்கிய பின் நான்காவது மூலையில் 0.8 டிகிரி திறந்து நிற்கும். ஐம்பது மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் சாய்வெட்டின் நீளம் ஏறக்குறைய 71 மில்லிமீட்டர் என்பதால் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விளக்கு வெளிச்சத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பிளவு கருங்கோடாகத் தெரியும். அதனால் வேண்டாத மெல்லிய பட்டைகளில் ஒரு முழுச் சட்டத்தை வெட்டிக் கூட்டி, நான்காவது மூலையைப் பார்த்துத்தான் 45 டிகிரியைத் திருத்தினேன். பள்ளம் தரும் 45-ஐத் துல்லியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மயிரிழை வித்தியாசத்துக்குப் பின்தடுப்பில் ஒரு துண்டு ஒட்டுநாடா போதும். பெரியப்பா சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டைச் செருகுவாராம். அதற்கும் மேல் நுணுக்கம் வேண்டுமானால் இழைப்புளிதான்.

கோணம் சரியாக இருந்து, எதிரெதிர்ச் சட்டங்களின் நீளம் மாறினாலும் மூலை ஒட்டாது. அளவு நாடாவை நம்பி இரண்டு முறை குறிப்பதைவிட, ஒரு அளவுக் கட்டையைப் பின்தடுப்போடு கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டு சட்டங்களையும் அதில் முட்டவைத்து வெட்டுவது நல்லது. கட்டையின் அடியில் ஒரு சிறு சாய்வு சீவிவிட்டேன். இல்லையென்றால் மரத்தூள் இடையில் சிக்கி அளவைக் கெடுக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டுண்டு விழும் துண்டு, கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டக் கூடாது. மாட்டினால் சுழலும் பல் அதை உதைத்து எறியும். கையில் பிடித்திருக்கும் பக்கமே கட்டையில் முட்ட வேண்டும், விழும் பக்கம் அவிழ்ந்து கிடக்க வேண்டும்.

தலைமாட்டு மோல்டிங்தான் இந்த வேலையில் ரசித்துச் செய்த பகுதி. வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே சாய்ந்து நிற்குமே, அந்த வகைப் பட்டை அது. அதைக் கீழ்த்தட்டில் மட்டமாகப் படுக்கவைத்து வெட்டலாம். ஆனால் அப்போது திருப்பும் கோணம், சாய்க்கும் கோணம் இரண்டும் சேர்ந்து வேண்டும். 38 டிகிரிச் சாய்வுள்ள மோல்டிங்குக்குத் திருப்புவது 31.6, சாய்ப்பது 33.9. 45 டிகிரிச் சாய்வென்றால் 35.3-உம் 30-உம். பல ரம்பங்களில் 31.6-இல் ஒரு தனிப் பள்ளம் இருப்பதன் காரணம் இதுதான். இரு பக்கமும் சாயும் தலை பயன்படுவதும் இங்கேதான். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. மோல்டிங்கைத் தலைகீழாக நிறுத்தினேன். கூரையைத் தொடும் ஓரம் கீழ்த்தட்டிலும், சுவரைத் தொடும் ஓரம் பின்தடுப்பிலும் சாய்ந்திருக்கும். அப்படி நின்றால் சாய்வு மோல்டிங்கிலேயே அடங்கிவிடுகிறது. ரம்பத்தை வெறும் 45 டிகிரிக்குத் திருப்பினால் போதும், தலையைச் சாய்க்கவே வேண்டாம். வெட்டும்போது பட்டை வழுக்காதிருக்க, கீழ்த்தட்டின் குறுக்கே ஒரு சிறு பட்டையை ஒட்டி அடிப்பகுதிக்குத் தடை வைத்தேன். பின்தடுப்பு எவ்வளவு உயரமோ அதுதான் இந்த முறையின் எல்லை. மேடைக்கு எடுத்தது மூன்று அங்குல மோல்டிங், தாராளமாக நின்றது. எந்தப் பக்கத்தை மேலே வைப்பது, இடது மூலையா வலது மூலையா என்று குழம்பாதிருக்க, வெட்டும் முன் ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட்டுவிடுவேன்.

வளைந்த பட்டைகள் வந்தால் புடைத்த பக்கத்தைப் பின்தடுப்பில் ஒட்டி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் வெட்டு முடியும் கணத்தில் இரு துண்டும் உள்நோக்கி மூடி பிளேடைக் கவ்வும். வெட்டி முடித்ததும் ஸ்விட்சை விட்டுவிட்டுப் பிளேடு நிற்கும்வரை தலையை மேலே தூக்காமல் இருப்பதும் அதேபோல் முக்கியம். சுழலும் பிளேடு மேலே வரும்போது சிறு துண்டை வாரி எறிவது வழக்கம். கைலி கட்டிக்கொண்டு முகப்பில் நிற்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் ரம்பத்தின் முன் வேண்டாம். மணிக்கட்டில் கோயில் கயிறு இருந்தால் முழங்கைப் பக்கம் ஏற்றி இறுக்கிவிடுவேன். கையுறையும் போடுவதில்லை, பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம். கை பிளேடிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய துண்டென்றால் கிளாம்ப் போட வேண்டும்.

தூசியைப் பொறுத்தவரை எந்த மைட்டர் ரம்பமும் நல்ல பெயர் வாங்கியதில்லை. கூடவே வரும் துணிப்பை அடையாளத்துக்குத்தான். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை மாட்டி, பின்னால் பழைய பேனர் துணியை மூன்று பக்கம் தொங்கவிட்டேன். அண்டை வீட்டுத் துணிக்கொடி தப்பித்தது. சத்தத்தைத் தடுக்க வழியில்லை. அதனால் முழு வெட்டையும் ஒரே மூச்சில், காலை பத்து மணிக்குப் பிறகு. பக்கத்து வீட்டு அம்மாளிடம் முந்தைய மாலையே சொல்லிவிட்டேன். "சாமி மேடைக்குத்தானே தம்பி, வெட்டுங்கள்" என்றார். மெத்தைக் கட்டில் செய்வதாகச் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று தெரியாது.

சட்டங்களை ஒட்டும் முன் இன்னொரு காத்திருப்பு. முகப்பின் ஈரக்காற்றில் இருந்த மரம் ஏர்கான் அறைக்குள் போனால் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் வெளிமூலை ஒட்டியிருக்க, உள்மூலை வாய் திறக்கும். எத்தனை துல்லியமாக வெட்டினாலும் இதைத் தடுக்க முடியாது. மேடை வைக்கப்போகும் அறையிலேயே மரத்தைச் சில வாரம் அடுக்கிவைத்து, அதன் பிறகு வெட்டி அன்றே ஒட்டினேன். மூலை வெட்டு குறுக்கிழை என்பதால் பசையை உறிஞ்சிவிடும். முதலில் மெல்லப் பூசி ஊறவிட்டு, மறுபடி பூசி, பட்டைக் கிளாம்ப்பால் நான்கு மூலையையும் ஒன்றாக இறுக்கினேன். பெரிய சட்டங்களின் மூலையில் குறுக்கே ஒரு கீறல் போட்டு மெல்லிய மரச் சிம்பு செருகியிருக்கிறேன். பெரியப்பா வந்து நகத்தால் மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, மோல்டிங்கின் இடது மூலையில் மட்டும் உப்புத்தாள் இன்னும் ஒருமுறை ஓட வேண்டும் என்றார்.

இப்போது எண்ணெய் பூசும் வேலை நடக்கிறது. விளக்கு வைக்கும் கீழ்த்தட்டுக்கு மரத்தின் மேல் பித்தளைத் தகடு அடிக்க வேண்டும். அதை வெட்ட இந்த ரம்பத்தை எடுக்கப் போவதில்லை. தகரக் கத்தரி போதும்.